லூயி லூயி: கேளாத சொற்களின் பொருள்

லூயி லூயி அமெரிக்க ராக் இசைப்பாடல். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரைச் சேர்ந்த கறுப்பினப் பாடகரும் பாடலாசிரியருமான ரிச்சர்ட் பெர்ரி எழுதிப் பாடி 1957-ல் வெளியிட்டார். ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாண்ட் நகரைச் சேர்ந்த தி கிங்ஸ்மென் என்னும் இளைஞர் இசைக்குழு 1963-ல் பதிவு செய்த வடிவம் வழியாக உலகப்புகழ் பெற்றது. கிங்ஸ்மென் வடிவத்தில் பாடகரின் சொற்கள் தெளிவாகக் கேட்பதில்லை. அதனால் பாடலுக்குள் ஆபாச வரிகள் ஒளிந்துள்ளன என்ற ஐயம் எழுந்தது. அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. இரண்டாண்டுகளுக்கு மேல் விசாரித்து, எந்த வேகத்தில் இசைத்தட்டை ஓட்டினாலும் சொற்கள் புரியவில்லை என்ற முடிவுக்கு வந்தது.

ஒரு பாடலின் சொற்கள் கேட்காதபோது அதன் பொருள் எங்கே இருக்கிறது என்னும் கேள்விக்கு ராக் இசை வரலாற்றில் லூயி லூயி முதன்மையான எடுத்துக்காட்டு. எழுதப்பட்ட சொல், பாடப்பட்ட சொல், கேட்கப்பட்ட சொல் என மூன்று பாடல்கள் இந்த ஒரு பெயருக்குள் உள்ளன. இவற்றை ஒன்றாகக் குழப்பிக்கொண்டதே இப்பாடல் மீதான பெரும்பாலான வாசிப்புகளின் குறை.

மூலப்பாடல்

ரிச்சர்ட் பெர்ரி 1935-ல் லூசியானா மாநிலத்தில் பிறந்து லாஸ் ஏஞ்சல்ஸில் வளர்ந்தவர். 1950-களில் அந்நகரின் ரிதம் அண்ட் புளூஸ் இசைப்பதிவுகளில் தொடர்ந்து பாடினார். தி ராபின்ஸ் குழுவின் சிறைக்கலவரப் பாடல் ஒன்றில் முதன்மைக் குரல் அவருடையது. எட்டா ஜேம்ஸின் முதல் வெற்றிப்பாடலில் பதில் சொல்லும் ஆண்குரலும் அவருடையதே. இரண்டு இசைத்தட்டுகளிலும் அவர் பெயர் இல்லை.

1955-ல் ரில்லேரா சகோதரர்களின் ரிதம் ராக்கர்ஸ் குழுவுடன் அனஹெய்ம் நகரின் நடன அரங்கில் பாடிவந்தபோது, அக்குழு வாசித்த ஒரு சா-சா-சா இசைத்துண்டு பெர்ரியைக் கவர்ந்தது. கியூபாவைச் சேர்ந்த பியானோ கலைஞர் ரெனே தூசே பதிவு செய்த எல் லோக்கோ சா சா என்னும் அந்த இசையின் தொடக்கத்தில் திரும்பத் திரும்ப வரும் தாளக்கட்டே பின்னர் லூயி லூயியின் முதுகெலும்பாக ஆனது. பாடலின் சூழலுக்கு வேறு இரு பாடல்களைத் தன் முன்மாதிரிகளாக பெர்ரி குறிப்பிட்டுள்ளார். ஒன்று சக் பெர்ரியின் ஹவானா மூன். அது கரீபிய வழக்கு ஆங்கிலத்தில் கடற்கரையில் காத்திருப்பவனின் பாடல். மற்றொன்று ஃபிராங்க் சினாட்ரா பாடிப் புகழ்பெற்ற ஒன் ஃபார் மை பேபி. அது நள்ளிரவு மதுவிடுதியில் ஜோ என்னும் பணியாளரிடம் தன் காதல் முறிவைச் சொல்பவனின் பாடல்.

பெர்ரியின் பாடல் ஃபிளிப் நிறுவனத்தின் இசைத்தட்டில் இரண்டாம் பக்கப் பாடலாக வெளிவந்தது. மேற்குக் கரையில் ஓரளவு விற்றது. நாடு தழுவிய கவனம் பெறவில்லை.

கூற்றும் கேட்போரும்

மூலப்பாடலின் கதை மிக எளியது. ஜமைக்காவைச் சேர்ந்த கப்பலோட்டி ஒருவன் மதுவிடுதியில் இருக்கிறான். லூயி என்பது விடுதிப் பணியாளனின் பெயர். கடலுக்கு அப்பால் தனக்காகப் பெண் ஒருத்தி காத்திருப்பதை அவனிடம் சொல்கிறான். மூன்று சிறிய சரணங்கள். முதலில் அவள் காத்திருப்பு. அடுத்து கடலில் கழியும் நாட்களும், அவள் கூந்தலின் மலர் மணம் நினைவில் எழுவதும். கடைசியில் ஜமைக்காவின் நிலவும், அவளை அடைந்ததும் இனிப் பிரிவதில்லை என்று சொல்லப்போகும் உறுதியும். பல்லவியில் பணியாளனிடம் விடைபெறுகிறான்.

தமிழ் அகமரபின் சொற்களில் சொன்னால் இது தலைவன் கூற்று. பிரிவு அதன் உரிப்பொருள். கேட்போன் பாங்கன் இடத்தில் இருக்கும் மதுவிடுதிப் பணியாளன். தலைவி பாடலுக்குள் இல்லை. அவளிடம் சொல்ல வேண்டியதை வேறொருவனிடம் சொல்வதே பாடலின் நாடகம். புறப்பட வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்பவன் உண்மையில் இன்னும் புறப்படவில்லை. பல்லவி ஒவ்வொரு முறை வரும்போதும் அவன் அங்கேயே அமர்ந்திருக்கிறான்.

பெர்ரி இதைக் கரீபியப் பேச்சுவழக்கின் சாயலில் எழுதினார். வினைச்சொற்கள் உதிர்ந்த, இலக்கணம் தளர்ந்த ஆங்கிலம். அன்று ஹாரி பெலஃபான்டே வழியாக கலிப்ஸோ இசை அமெரிக்காவில் பெரும் விருப்பத்துக்குரியதாக இருந்தது. பெர்ரி ஜமைக்காக்காரர் அல்ல. இரவல் பேச்சுவழக்கில் எழுதப்பட்ட வரிகள் என்பதனால், ஒலி சற்று மங்கினாலும் எந்தச் சொல் வரும் என்று கேட்பவர் ஊகிக்கத் துணைசெய்யும் வழக்கமான தொடரமைப்பு அவற்றில் இல்லை. பின்னர் நிகழ்ந்த குழப்பத்துக்கு மூலபாடத்திலேயே ஒரு காரணம் இருந்தது. ஆனால் பெர்ரியின் குரலில் எல்லாச் சொற்களும் தெளிவாகவே கேட்கின்றன. பாடல் ஆடி அசையும் படகு போல மென்மையாக நகர்கிறது.

கிங்ஸ்மென் பதிவு

பெர்ரியின் இசைத்தட்டு வாஷிங்டன், ஓரிகன் மாநிலங்களின் நடனக்குழுக்களிடையே புழங்கியது. டகோமா நகரின் தி வெய்லர்ஸ் குழுவுடன் ராக்கின் ராபின் ராபர்ட்ஸ் பாடிய வடிவம் 1961-ல் வெளியானது. அதில் பாடல் வேகமும் முரட்டுத்தனமும் கொண்டது. கிட்டார் தனிவாசிப்புக்கு முன் ராபர்ட்ஸ் எழுப்பும் கூவல் அதன்பின் பாடலின் பகுதியாகவே ஆகிவிட்டது.

கிங்ஸ்மென் குழுவின் பாடகர் ஜாக் ஈலி ஜூக்பாக்ஸில் ஒலித்த ராபர்ட்ஸின் வடிவத்தைக் கேட்டே பாடலைக் கற்றார். கற்றபோது தாளக்கட்டைப் பிழையாக உள்வாங்கி, அப்பிழையையே குழுவுக்குச் சொல்லிக்கொடுத்தார். இன்று உலகம் அறிந்த லூயி லூயியின் தாளம் அந்தப் பிழைதான். வாய்மொழி மரபில் பாடபேதம் உருவாகும் முறையே இங்கும் நிகழ்ந்துள்ளது. கியூப இசை பெர்ரியிடமும், பெர்ரியின் பாடல் ராபர்ட்ஸிடமும், ராபர்ட்ஸின் பாடல் ஈலியிடமும் வந்தபோது ஒவ்வொரு கையிலும் சற்று மாறியது.

பதிவு 1963 ஏப்ரல் 6 அன்று போர்ட்லாண்ட் நகரின் சிறிய ஒலிப்பதிவுக் கூடத்தில் நடந்தது. செலவு ஏறத்தாழ ஐம்பது டாலர். மேடை நிகழ்ச்சியின் உணர்வு வரவேண்டும் என்பதற்காக மைக் உயரத்தில் தொங்கவிடப்பட்டது. ஈலி அண்ணாந்து, குதிகாலை உயர்த்தி, இசைக்கருவிகளின் இரைச்சலுக்கு மேல் கத்த வேண்டியிருந்தது. அவர் பற்களில் சீரமைப்புக் கம்பி அணிந்திருந்தார். முந்தைய இரவு இதே பாடலை நெடுநேரம் இடைவிடாமல் பாடியதில் குரல் களைத்திருந்தது. ஒரே முறை பாடி முடித்ததே இசைத்தட்டாக வெளிவந்தது.

பதிவில் பிழைகள் அப்படியே உள்ளன. கிட்டார் தனிவாசிப்பு முடிந்ததும் ஈலி உரிய இடத்துக்கு முன்பே சரணத்தைத் தொடங்கிவிட்டு உடனே நிறுத்துகிறார். டிரம்ஸ் வாசித்த லின் ஈஸ்டன் ஒரு உருட்டலால் அந்த இடைவெளியை நிரப்புகிறார். கிங்ஸ்மென் பதிவைப் பின்பற்றிப் பாடிய பிற்காலக் குழுக்கள் சில அந்தத் தவறான தொடக்கத்தையும் சேர்த்தே பாடின.

அதே ஏப்ரலில் அதே கூடத்தில் பால் ரெவியர் அண்ட் த ரெய்டர்ஸ் குழுவும் இப்பாடலைப் பதிவு செய்தது. தொழில்முறையில் அது மேலும் நேர்த்தியான பதிவு. ஆனால் வென்றது கிங்ஸ்மென். பாஸ்டன் நகரின் வானொலி அறிவிப்பாளர் ஒருவர் வாரத்தின் மிக மோசமான இசைத்தட்டு என்று கேலியாக ஒலிபரப்பியபோது, கேட்டவர்கள் கடைகளில் அதைத் தேடத் தொடங்கினர். 1963 டிசம்பரில் பில்போர்டு பட்டியலில் இரண்டாம் இடத்தை அடைந்தது.

ஐயமும் விசாரணையும்

இசைத்தட்டு பரவியபோதே வதந்தியும் பரவியது. 45 சுழற்சி இசைத்தட்டை 33 சுழற்சியில் ஓட்டினால் ஆபாச வரிகள் தெளிவாகக் கேட்கும் என்று மாணவர்கள் பேசிக்கொண்டனர். அந்த வரிகள் கையெழுத்திலும் தட்டச்சிலும் படியெடுக்கப்பட்டு வகுப்பறைகளிலும் கல்லூரி விடுதிகளிலும் கைமாறின. 1964 ஜனவரியில் இண்டியானா மாநில ஆளுநர் மேத்யூ வெல்ஷ் பாடலைக் கேட்டு அதிர்ந்து, அதை ஒலிபரப்ப வேண்டாம் என மாநில வானொலியாளர் சங்கத்தைக் கேட்டுக்கொண்டார். அடுத்த மாதம் பெற்றோர் ஒருவர் அரசு வழக்கறிஞர் நாயகமாக இருந்த ராபர்ட் கென்னடிக்குப் புகார்க் கடிதம் எழுதினார். ஆபாசப் பொருட்களை மாநிலங்களுக்கிடையே கொண்டுசெல்வதைத் தடுக்கும் சட்டத்தின் கீழ் எஃப்.பி.ஐ. விசாரணையைத் தொடங்கியது.

பின்னர் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட அக்கோப்பு நூறு பக்கங்களுக்கு மேற்பட்டது. மாணவர்களிடமிருந்தும் பெற்றோரிடமிருந்தும் பெறப்பட்ட பல ஆபாச வடிவங்கள் அதில் உள்ளன. அவை ஒன்றுக்கொன்று பொருந்துவதில்லை. கூடவே பதிப்புரிமைக்காகப் பதிவு செய்யப்பட்ட பெர்ரியின் உண்மையான வரிகளும் அதே கோப்பில் உள்ளன. ஆய்வகம் இசைத்தட்டைப் பல வேகங்களில் ஓட்டிப் பார்த்தது. இசைத்தட்டு நிறுவனத்தினர் விசாரிக்கப்பட்டனர். பாடிய ஜாக் ஈலி விசாரிக்கப்படவில்லை. பாடல் வெற்றிபெறுவதற்கு முன்பே உட்பூசலால் அவர் குழுவை விட்டு விலகியிருந்தார். தான் பாடியது பெர்ரியின் வரிகளையே என்று ஈலி பின்னாளில் சொன்னார்.

உண்மையில் பதிவில் ஓர் ஆபாசச் சொல் இருக்கிறது என்பது இதன் பெரிய நகைமுரண். ஏறத்தாழ 54-ஆவது நொடியில், டிரம்ஸ் வாசிப்பில் தடுமாறிய ஈஸ்டன் பின்னணியில் வசைச்சொல் ஒன்றைக் கத்தியதாகக் குழுவினர் பின்னர் தெரிவித்தனர். விசாரணை அதைக் கண்டுகொள்ளவில்லை. பாடகரின் சொற்களில் பாலுறவுக் கதையைத் தேடியவர்களின் காதில், இடறிய இசைக்கலைஞனின் சாதாரண எரிச்சல் விழவில்லை. எதைத் தேடுகிறோமோ அதற்கே செவி திறந்திருக்கிறது.

1963-ன் வேறு இரு பாடல்கள்

சொற்கள் புரியாததே அச்சத்துக்குக் காரணம் என்று பொதுவாக விளக்கப்படுகிறது. அந்த விளக்கம் போதாது. 1963 ஜூனில் ஜப்பானியப் பாடகர் கியூ சகாமோட்டோ முழுக்க ஜப்பானிய மொழியில் பாடிய பாடல் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பெற்றது. அமெரிக்காவில் அதற்குச் சுகியாகி என்று ஒரு மாட்டிறைச்சி உணவின் பெயர் சூட்டப்பட்டிருந்தது. பாடலுக்கும் உணவுக்கும் எந்தத் தொடர்புமில்லை. கண்ணீர் சிந்தாதிருக்க அண்ணாந்து நடப்பவனின் பாடல் அது. அமெரிக்காவுடனான பாதுகாப்பு உடன்படிக்கைக்கு எதிரான போராட்டம் தோற்ற மனச்சோர்வில் ரொகுசுகே ஏய் எழுதியது.

அதே ஆண்டு டிசம்பரில் லூயி லூயியை முதலிடத்துக்கு வரவிடாமல் தடுத்த பாடல்களில் ஒன்று டொமினிக். பெல்ஜியத்தைச் சேர்ந்த கன்னியாஸ்திரி பிரெஞ்சு மொழியில் பாடியது. புனித தோமினிக்கின் பணிகளைப் பாடும் அது, அல்பிஜென்சியர் எனப்பட்ட மாற்றுச் சமயத்தவரை அவர் எதிர்கொண்டதையும் குறிப்பிடுகிறது. அதை வாங்கிய பல லட்சம் அமெரிக்கர்களில் பிரெஞ்சு அறிந்தவர் சிறுபான்மையினரே.

ஒரே ஆண்டில் மூன்று புரியாத பாடல்கள் அமெரிக்க வீடுகளில் ஒலித்தன. முதல் இரண்டையும் எவரும் மெதுவாக ஓட்டிப் பார்க்கவில்லை. புன்னகைக்கும் ஜப்பானிய இளைஞன், கிட்டாருடன் கன்னியாஸ்திரி என்னும் உறை ஓவியங்களே பொருளைச் சொல்லிவிட்டன என்று கேட்டவர்கள் எடுத்துக்கொண்டனர். அங்கே புரியாமை வசீகரமாக இருந்தது. லூயி லூயியில் புரியாதது ஆங்கிலம். சொந்த மொழியில், சொந்த வீட்டுப் பிள்ளைகளின் குரலில் வந்த புரியாமை அது. கறுப்பர்களின் நடன இசையை வெள்ளைப் பதின்பருவத்தினர் ஏற்றுக்கொண்டதைப் பற்றிய பெற்றோரின் பதற்றமும் அதனுடன் கலந்திருந்தது. பிள்ளைகளுக்குப் புரிகிறது, நமக்கு மட்டும் மறைக்கப்படுகிறது என்ற எண்ணமே புகாரின் வேர். ஆனால் பிள்ளைகளுக்கும் புரியவில்லை என்பதைக் கைமாறிய தாள்களின் முரண்பாடுகள் காட்டுகின்றன.

வாசிப்புகள்

லூயி லூயிக்கு மூன்று வகை வாசிப்புகள் நிலைபெற்றுள்ளன.

முதலாவது ஆபாச வாசிப்பு. இதைப் பிழையான செவியுணர்வு என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது. தாளில் எழுதிய வரிகளைப் பார்த்துக்கொண்டே பாடலைக் கேட்பவருக்கு அந்த வரிகள் உண்மையிலேயே கேட்கும். மங்கலான ஒலியை மனம் தனக்குத் தெரிந்த சொற்களால் நிரப்பிக்கொள்கிறது. பெர்ரியின் வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் கப்பலும் கூந்தல் மலரும் நிலவும் அதே பதிவில் தெளிந்து வருகின்றன. ஒருமுறை அவை கேட்டுவிட்டால் பிறகு வேறு எதுவும் கேட்பதில்லை. இந்தச் சோதனையை எவரும் செய்துபார்க்கலாம். ஆகவே ஆபாச வரிகள் பாடலைப் பற்றிய சான்றல்ல, 1964-ன் அமெரிக்க வகுப்பறையைப் பற்றிய சான்று.

இரண்டாவது, சொற்களுக்கு முக்கியத்துவமே இல்லை என்னும் வாசிப்பு. ராக் இசையில் தாளமும் ஆற்றலுமே பொருள், சொல் வெறும் ஓசை என்று இது வாதிடுகிறது. ஆபாச வாசிப்பை மறுப்பதற்கு எளிய வழி என்பதால் இசை ரசிகர்களிடையே இதற்குச் செல்வாக்கு உண்டு. இத்தாலியப் பாடகர் அத்ரியானோ செலந்தானோ 1972-ல் ஆங்கிலம் போல ஒலிக்கும், ஆனால் எந்த மொழியும் அல்லாத ஓசைகளால் ஒரு பாடலை உருவாக்கினார். அதற்கு இந்த வாதம் பொருந்தும். லூயி லூயிக்குப் பொருந்தாது. ஈலி ஓசைகளைப் பாடவில்லை. ஒரு குறிப்பிட்ட மனிதன் எழுதிய குறிப்பிட்ட சொற்களைச் சேர்ப்பிக்க முயன்றார். முயற்சி பாதியில் தடைபட்டது. தடைபட்ட பேச்சும் பேச்சின்மையும் ஒன்றல்ல.

மூன்றாவது, கலக வாசிப்பு. பெரியவர்களுக்குப் புரியாமல் பாடுவதே எதிர்ப்பு என்றும், பின்னாளின் பங்க் இசைக்கு லூயி லூயியே முன்னோடி என்றும் இது கூறுகிறது. விளைவைப் பொறுத்தவரை இது சரி. மூன்று சுரக்கோர்வைகளும் முரட்டுக்குரலும் போதும், எவரும் குழு தொடங்கலாம் என்ற துணிவை இப்பதிவு பல்லாயிரம் இளைஞர்களுக்கு அளித்தது. ஆனால் தெளிவின்மையைக் கலகமாக எண்ணிச் செய்தவர் அப்பதிவில் எவருமில்லை. ஆர்.இ.எம். குழுவின் மைக்கேல் ஸ்டைப் 1983-ல் வெளியான மர்மர் தொகுப்பில் சொற்களை வேண்டுமென்றே மங்கலாக்கினார். அது அழகியல் தேர்வு. ஈலியின் மங்கல் உயரத்தில் தொங்கிய மைக்கின் விளைவு. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது விபத்தை நோக்கமாக்குவது.

ஒலி சொல்லும் பொருள்

விபத்து என்பதனால் அதற்குப் பொருளில்லை என்று ஆகாது. கிங்ஸ்மென் பதிவில் என்ன கேட்கிறது என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஒரு பெயர் இருமுறை விளிக்கப்படுவது கேட்கிறது. போக வேண்டும் என்பது கேட்கிறது. பெண் ஒருத்தி என்பது கேட்கிறது. நாட்களும் இரவுகளும் கடந்துபோவது அரைகுறையாகக் கேட்கிறது. மற்றவை கரைந்துவிடுகின்றன.

எஞ்சியவை பாடலின் சாரம் என்பது கவனிக்கத்தக்கது. ஒரு மதுவிடுதியின் இரைச்சலில், சற்றுத் தள்ளி அமர்ந்திருக்கும் கப்பலோட்டியின் பேச்சு நம் காதில் எப்படி விழுமோ அப்படித்தான் விழுகிறது. குரல் குழறுகிறது. கருவிகள் அதை மூழ்கடிக்கின்றன. அவன் பேச்சை நிறுத்துவதில்லை. பெர்ரியின் வடிவத்தில் கேட்பவர் லூயியின் இடத்தில் அமர்ந்து முழுக்கதையையும் அறிகிறார். கிங்ஸ்மென் வடிவத்தில் கேட்பவர் அடுத்த மேசையில் இருக்கிறார். கதை தெரியாது, ஆனால் ஒருவன் எங்கோ செல்லத் தவிக்கிறான் என்பது தெரியும். ஈலி முன்கூட்டியே தொடங்கித் தடுமாறும் இடம்கூட, புறப்படத் துடிப்பவனின் அவசரமாகவே ஒலிக்கிறது.

இந்த வாசிப்பு குழுவினரின் நோக்கம் அல்ல. ஆனால் பதிவில் கேட்கும் ஒலியும் மூலபாடத்தில் உள்ள சொல்லும் ஒன்றையொன்று மறுக்காமல் பொருந்தும் ஒரே வாசிப்பு இதுவே. கேளாத சொற்களுக்கு உரை எழுதும்போது வைக்கத்தக்க அளவுகோல் அந்தப் பொருத்தமே. ஒலிக்கு ஒவ்வாத சொல்லை ஏற்றக்கூடாது. எழுதப்பட்ட சொல் கிடைக்கும்போது அதை இல்லையென்று ஆக்கவும் கூடாது.

சொற்களை இழந்தவர்

சொற்கள் முக்கியமல்ல என்ற வாசிப்புக்கு இன்னொரு விலையும் உண்டு. பாடல் வெளியான அடுத்த சில ஆண்டுகளுக்குள் பெர்ரி தன் திருமணச் செலவுக்காக லூயி லூயி உள்ளிட்ட சில பாடல்களின் உரிமையை 750 டாலருக்கு விற்றுவிட்டார். வானொலி ஒலிபரப்புக்கான ஒரு பங்கு மட்டும் அவரிடம் எஞ்சியது. கிங்ஸ்மென் பதிவு பல லட்சக்கணக்கில் விற்றபோது அதன் பதிப்புரிமைத் தொகை அவருக்கு வரவில்லை. சிறு விடுதிகளில் பாடிக்கொண்டிருந்தார். 1980-களின் நடுவில் அவர் அரசு உதவித்தொகையில் வாழ்ந்தார்.

அவரை மீட்டதும் அந்தப் பாடலே. ஒரு மதுபான நிறுவனம் விளம்பரத்தில் லூயி லூயியைப் பயன்படுத்த விரும்பியபோது பெர்ரியின் கையொப்பம் தேவைப்பட்டது. அவரைத் தேடிக் கண்டுபிடித்தனர். அதையொட்டி அவர் உரிமை கோரினார். வெளியீட்டாளர்கள் நீதிமன்றத்துக்கு வெளியே உடன்பாட்டுக்கு வந்தனர். வாழ்வின் கடைசி ஆண்டுகளில் அவருக்குப் பெருந்தொகை கிடைத்தது. 1997 ஜனவரியில் மறைந்தார்.

ஆளுநரும் பெற்றோரும் மாணவர்களும் எஃப்.பி.ஐ.யும் இப்பாடலின் சொற்களைத் தேடிய காலம் முழுவதும், அவற்றை எழுதியவர் லாஸ் ஏஞ்சல்ஸில் உயிரோடு இருந்தார். அவருடைய இசைத்தட்டில் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக இருந்தது. அதை வாங்கிக் கேட்டிருந்தால் புதிர் மூன்று நிமிடத்துக்குள் முடிந்திருக்கும். எவரும் தேடாததற்குக் காரணம், பாடல் கிங்ஸ்மெனுடையது என்றே நாடு எண்ணியது. பொருள் தொலைந்ததும் ஆசிரியர் தொலைந்ததும் ஒரே நிகழ்வின் இரு பக்கங்கள்.

பிற்கால வடிவங்கள்

லூயி லூயி ராக் இசையில் மிக அதிகமாகப் பதிவு செய்யப்பட்ட பாடல்களில் ஒன்று. 1983-ல் கலிபோர்னியாவின் கல்லூரி வானொலி ஒன்று 800-க்கும் மேற்பட்ட வடிவங்களை இரவும் பகலும் தொடர்ந்து ஒலிபரப்பியது. வடிவங்கள் பெரும்பாலும் கிங்ஸ்மெனின் வழித்தோன்றல்கள். அவற்றில் இரண்டு பொருள் நோக்கில் முக்கியமானவை.

இக்கி பாப் 1970-களில் மேடையில் பாடிய வடிவத்தில் ஆபாச வரிகளை வெளிப்படையாகவே பாடினார். பத்தாண்டுகளுக்கு முன் பாடலில் இல்லாதிருந்து, கேட்பவர்களின் கற்பனையில் மட்டும் இருந்தவை இவ்வாறு உண்மையாகவே பாடலுக்குள் நுழைந்தன. உரையாசிரியரின் இடைச்செருகல் மூலமாக மாறுவதற்கு நிகரானது இது. அவரே 1993-ல் அரசியல் வரிகளுடன் இன்னொரு வடிவத்தைப் பதிவு செய்தார்.

ஜமைக்காவின் டூட்ஸ் அண்ட் த மேட்டல்ஸ் குழு 1970-களின் தொடக்கத்தில் ரெகே இசையில் இதைப் பாடியது. கற்பனை ஜமைக்காக்காரனுக்காக லாஸ் ஏஞ்சல்ஸில் எழுதப்பட்ட பாடல் உண்மையான ஜமைக்காக்காரர்களின் குரலுக்குச் சென்றுசேர்ந்தது. டூட்ஸ் ஹிபர்ட்டின் குரலில் அவசரம் இல்லை. கப்பலோட்டி வீடு திரும்பிவிட்டதுபோல ஒலிக்கிறது.

மதிப்பீடு

லூயி லூயியின் வரிகள் பெருங்கவிதை அல்ல. பெர்ரி நடன அரங்குக்காக எழுதிய எளிய பிரிவுப்பாடல் அது. கிங்ஸ்மென் பதிவும் இசைத்திறனால் நிற்பதல்ல. எழுதப்பட்ட ஏக்கமும் பதிவான குழறலும் தற்செயலாக ஒன்றையொன்று நிறைவுசெய்வதே அதன் சிறப்பு. ஓர் அரசு தன் ஆய்வகத்தின் துணையோடு உரை எழுத முயன்று தோற்ற பாடல் என்ற வகையில் அது வேடிக்கையாக நினைவுகூரப்படுகிறது. ஆனால் அந்த வேடிக்கை, கேட்கப்படாமல் போன ஒரு மனிதரின் சொற்களை மறைத்துவிடுகிறது.

தெளிவற்ற பாடலைப் பொருள்கொள்வதில் இப்பாடலின் வரலாறு இரண்டு எச்சரிக்கைகளை விட்டுச்சென்றுள்ளது. கேட்பவர் நிரப்பிய சொல்லைப் பாடலின் சொல் என்று நம்புவது ஒரு பிழை. நிரப்ப இடமிருப்பதனால் அங்கே சொல்லே இல்லை என்று முடிவுசெய்வது அதற்கு நிகரான பிழை. முதல் பிழை ஒரு விசாரணையை உருவாக்கியது. இரண்டாவது பிழை ரிச்சர்ட் பெர்ரியை மறக்கச் செய்தது.